பழைய ஆயில் என்ஜினுக்குப் புது டீசல் டேப்

1990-ல் விவசாயப் பம்பு செட்டுகள் அனைத்துக்கும் மின்சாரம் இலவசமான பிறகு, தமிழ்நாட்டில் பல கிணறுகளில் இருந்த 5 குதிரைத் திறன் ஆயில் என்ஜினைக் கழற்றிக் கொட்டகையில் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் எல்லோரும் அதை விற்றுவிடவில்லை. டிரான்ஸ்பார்மர் பழுதானாலோ, மும்முனை மின்சாரம் போதாமற் போனாலோ, கடைமடையில் வாய்க்கால் தண்ணீர் தாழ்ந்து இறைத்துப் பாய்ச்ச வேண்டி வந்தாலோ, அந்தப் பழைய என்ஜினைத்தான் தேடிப் போகிறார்கள்.

அப்படித் தேடுவது பல சமயம் நெல் தொண்டைக்கதிரில் நிற்கும்போதாக அமைந்துவிடுகிறது. அந்தப் பருவத்தில் வயல் காய்ந்தால் கதிர் சரியாக வெளிவராது. மணி பிடிப்பதும் கெடும். பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் இழந்த மகசூல் திரும்பாது. அந்த நேரம் பார்த்து என்ஜின் பத்து நிமிடம் ஓடுகிறது, இழுவை குறைகிறது, தானாக நின்றுவிடுகிறது. ஹேண்டில் போட்டால் மறுபடி எடுக்கிறது, மறுபடி நிற்கிறது.

உடனே "நாசில் போய்விட்டது" என்று முடிவு கட்டி, அதைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறுவது வழக்கம். நாசிலில் குற்றம் இருப்பதும் உண்டு, இல்லை என்பதற்கில்லை. ஆனால் ஓடி ஓடி நிற்கும் என்ஜினில் முதலில் பார்க்க வேண்டியவை டேங்கின் அடியில் உள்ள டீசல் டேப்பும், அதை அடுத்துள்ள பில்டருமே. இவை இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு ஆளின் ஒரு நாள் கூலிக்கு மேல் போகாது.

குற்றம் எங்கே?

என்ஜின் திணறும்போது டேங்கின் மூடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். உடனே தெளிந்து ஓடினால், மூடியில் காற்றுப் போவதற்கென உள்ள சிறு துவாரம் அடைந்திருக்கிறது என்று பொருள். ஒரு ஊசியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது. அப்படித் தெளியவில்லை என்றால் என்ஜினை நிறுத்தி, பில்டருக்கு வரும் ஹோஸை அங்கே கழற்றி, அடியில் ஒரு டப்பாவை வைத்து, டேப்பைத் திறக்க வேண்டும். டீசல் கம்பி போல ஒரே சீராக விழுந்து, சில நிமிடம் கழித்தும் அப்படியே விழுந்தால் டேப்பில் குற்றமில்லை, பில்டரைச் சந்தேகிக்கலாம். முதலில் விழுந்து பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால், டேப்பின் வாயிலோ அதன்மேல் உள்ள வலையிலோ கசடு வந்து உட்காருகிறது.

மாதக் கணக்கில் சும்மா கிடக்கும் டேங்கில் இந்தக் கசடு எப்படிச் சேருகிறது? பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் வியர்த்து நீராக அடியில் தங்குகிறது. தகரம் துருப்பிடிக்கிறது. தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புப் பாசி போல் வழவழப்பாகின்றன. டீசலும் நாட்பட்டுப் பிசினாகிறது. நாகமுலாம் பூசிய டின்னில் டீசலைச் சேமித்து வைப்பவர்கள் இன்னொரு தொல்லையையும் வரவழைத்துக்கொள்கிறார்கள். நாகத்தோடு டீசல் வினைபுரிந்து உண்டாகும் சோப்பு போன்ற பொருள் பில்டரை அடைக்கும்.

அடைப்பு ஒருபுறம் இருக்க, பழைய டேப் கசியவும் செய்யும். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளில் சுமார் 2 லிட்டர் டீசல் மண்ணுக்குப் போகும். கிணற்று மேட்டில் என்றால் கிணற்றுக்கே போகும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருப்பதில்லை. இதைச் சுத்திகரிக்கும் முறையும் வேறு. பழைய எண்ணெயில் ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள் இதில் சுருங்கிக் கசியக்கூடும். பழைய டேப்பை வால்வு பேஸ்ட் போட்டு உரசிச் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேஸ்டின் ஒரு துகள் பம்புக்குள் போனால் ஆகும் செலவை எண்ணினால், புது டேப்பே மலிவு.

மாற்றும் முறை

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். பீடி, சிகரெட் அருகில் கூடாது. டேங்க், டேப், பில்டர் இவற்றின் வெளிப்புறத்தை முதலில் துடைத்துவிட வேண்டும்; இல்லையேல் கழற்றும்போது அந்த மண்ணே உள்ளே போகும். டீசலைச் சுத்தமான கேனில் வடித்துத் தெளிய வைக்கலாம். அடியில் உள்ள கலங்கலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

டேப்பைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் தேவை. ஒன்றால் டேங்கோடு பற்றவைத்த நட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் டேப்பைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் பற்றவைத்த இடம் விட்டுவிடும். கழற்றியதும் டேங்கைச் சிறிது டீசல் ஊற்றி இரண்டு மூன்று முறை குலுக்கிக் கழுவ வேண்டும்.

பழைய டேப்பைக் கையோடு கடைக்குக் கொண்டு போவது நல்லது. மரை ஒன்றுபோல் தோன்றி ஒன்றாக இராது. கையால் இரண்டு சுற்று இலகுவாக ஏறாத மரையை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. துவாரமும் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் வால்வு இதற்கு ஆகாது. வாஷர் புதிதாகவே இருக்கட்டும். மரையில் நூலும் பெயிண்டும் சுற்றுவது பழைய பழக்கம்; இப்போது வெள்ளை டேப் சுற்றுகிறார்கள். இரண்டின் பிசிறும் பில்டருக்குத்தான் போகும். வெடித்த ஹோஸ் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

பில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவும்போது பஞ்சு வேஸ்ட் உதவாது. நார் விடாத துணியே ஏற்றது. காகிதப் பில்டரைக் கழுவித் திரும்பப் போடுவது சிக்கனம் அல்ல. பம்பின் பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் இரண்டு மூன்று பங்குதான். கழுவியதில் கிழிந்த காகிதம் விடும் மணலே அதைக் கீறிவிடும். பம்புக்கு மசகும் டீசல்தான். தண்ணீர் கலந்து வந்தால் தேய்மானம் இன்னும் கூடும்.

ஏர் எடுத்தல்

டேங்கில் டீசல் ஊற்றி டேப்பைத் திறந்து, பில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்த வேண்டும். முதலில் நுரை வரும். குமிழியில்லாமல் டீசல் வழியும்போதே ஸ்குருவை முடுக்கிவிட வேண்டும். நின்ற பிறகு முடுக்கினால் பயனில்லை. அடுத்து பம்பின் ஏர் ஸ்குருவையும் அவ்வாறே செய்ய வேண்டும். கடைசியாக நாசில் பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினால் அங்கேயும் டீசல் தலைகாட்டும். நட்டை முடுக்கிவிட்டு மறுபடி சுற்றும்போது நாசிலில் "கிர்" என்ற ஓசை கேட்டால் என்ஜின் தயார். நாசில் பீய்ச்சும் இடத்தில் மட்டும் விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு மணி நேரம் ஓடிய பின், என்ஜினை நிறுத்தி, இணைப்புகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, ஈரம் இருந்தால் சற்றே முடுக்கலாம். கொட்டகைக்குத் திரும்பும் என்ஜினில் டேங்கை நிரப்பி, டேப்பை மூடி வைப்பது நல்லது. மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டி, டேப்பையும் நாலு தரம் திறந்து மூடினால் இறுகாது.