பார்வை போகும் இடத்தில் ஃபோகஸ்

வ்யூஃபைண்டருக்குள் கண் எங்கே பார்க்கிறதோ அங்கேயே ஃபோகஸ் புள்ளியைக் கொண்டுபோய் வைப்பது 'ஐ கண்ட்ரோல்' ஆட்டோஃபோகஸ். எதிரில் நிற்பவரின் கண்ணைத் தேடிப்பிடிக்கும் வசதி வேறு. இது படம் எடுப்பவரின் கண்ணைக் கவனிப்பது. கேனான் நிறுவனம் 1992-ல் ஈஓஎஸ் 5 ஃபிலிம் கேமராவில் இதைக் கொண்டுவந்தது. அதில் ஐந்தே புள்ளிகள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் வேலை செய்யாது. 1998-ல் ஈஓஎஸ் 3-ல் புள்ளிகள் 45 ஆயின. டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் இடம்பெறாத இந்த வசதி, 2021-ல் மிரர்லெஸ் வகையான ஆர்3-ல் திரும்பி வந்தது.

வ்யூஃபைண்டருக்குள் இருக்கும் சிறு எல்இடிகள் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணின் மேல் பாய்ச்சுகின்றன. அது கார்னியாவில் பட்டுச் சிறு ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். விழி திரும்பும்போது கண்மணி நகரும் அளவுக்கு அந்தப் புள்ளிகள் நகர்வதில்லை. இந்த வித்தியாசத்தை அளந்தே பார்வையின் திசையைக் கேமரா கணக்கிடுகிறது.

மூக்குக்கண்ணாடி குறுக்கே வந்தால் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. கண்ணாடியின் இரு பரப்புகளும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், எது கார்னியாவின் புள்ளி, எது கண்ணாடியின் புள்ளி என்று பிரித்தறிவது கடினம். மைனஸ் பவரில் கண் சற்றுச் சிறியதாகவும், பிளஸ் பவரில் பெரியதாகவும் தெரியும். பைஃபோக்கல், புரோகிரஸிவ் கண்ணாடிகளில் தலையைச் சாய்த்தாலே பவர் மாறிவிடுகிறது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு முயல்வதில் பலனில்லை.

தீர்வின் பெரும்பகுதி கேலிபரேஷனில்தான் இருக்கிறது. திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும் வட்டங்களைப் பார்த்துப் பட்டனை அழுத்த வேண்டும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியும் இதைச் செய்ய வேண்டும். வெளிச்சத்துக்கேற்ப கண்மணி விரிந்து சுருங்கும் என்பதால், வெயிலிலும் மங்கிய அறையிலும் திரும்பச் செய்தால் துல்லியம் கூடும். பலர் ஒருமுறை செய்து சரிவராமல் கைவிட்டுவிடுவது இங்கேதான். கண்ணாடியோடு ஒரு பதிவு, கண்ணாடியில்லாமல் ஒரு பதிவு என்று தனித்தனி எண்களில் சேமிப்பது அவசியம். பிரேம் மூக்கில் சரிந்தாலோ, லென்ஸில் கைரேகை படிந்தாலோ குறி விலகும். படம் எடுக்குமுன் துடைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அழுத்திப் பிடிப்பது நல்லது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு வ்யூஃபைண்டரின் டயாப்டர் திருகியால் பவரைச் சரிசெய்துகொள்வது இன்னொரு வழி. ஆனால் அது சிலிண்டர் பவரை ஈடுசெய்யாது.

2024-ல் வந்த ஆர்1, ஆர்5 மார்க் 2 இரண்டிலும் கண்ணாடி அணிந்தவர்களை மனதில் வைத்துக் கண்ணைக் கண்டறியும் முறை மேம்படுத்தப்பட்டது. அவற்றிலும் பார்வையின் வேலை ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு முடிகிறது: கால்பந்து ஆட்டத்தில் ஒரு வீரரைப் பார்த்து ஷட்டரைப் பாதி அழுத்தினால், அதன்பின் அவரைத் துரத்துவது டிராக்கிங்கின் பொறுப்பு. குறி தொடர்ந்து தவறினால், ஐ கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஜாய்ஸ்டிக்கால் புள்ளியை நகர்த்திக்கொள்ளலாம்.