ஒலிபெருக்கிக்கு எந்தப் பெட்டி?

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். செய்தி காதில் விழுந்தாற் போதும் என்றிருந்த காலம் அது. இன்று பார்சிப்பனியின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் எம்மவர், நாதஸ்வரத்தையும் தவிலையும் செவ்வையாகக் கேட்க விரும்புவது இயல்பே. கடையில் விற்கும் உயர்ரக ஒலிபெருக்கிகளின் விலையோ எட்டாதது. தாமே செய்து பார்க்க முனைவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பெட்டியின் வகையையே. பொருந்தாத பெட்டியில் இட்டால் நல்ல ஒலிபெருக்கியும், அதற்கென உழைத்த பணமும் வீணாகும்.

பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே அதைத் தளர்த்துகின்றது. இவ்விரு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த சுரங்களே இதனால் பெரிதும் கெடுகின்றன. பெட்டியில்லாத ஒலிபெருக்கியில் தவிலின் தொப்பிப் பக்கத்து நாதம் மெலிந்துபோவது இதனாலேயே.

முதலாவது வகை, மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்று வில்லுச்சுருள்போலக் கூம்பைத் தாங்குகின்றது. எமது நியூ ஜேர்சியின் பிரின்ஸ்டனில், ஆர்.சி.ஏ. ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஹாரி ஓல்சன் இக்கருத்துக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். எட்கர் வில்ச்சர் 1954இல் ஏ.ஆர்.-1 மூலம் அதனை வீடுகளுக்குக் கொண்டுவந்தார். இதில் ஒலி கீழ்ச்சுரங்களில் ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வீதம் மெதுவாகவே குறையும். அளவில் நேரும் சிறு பிசகையும் இப்பெட்டி பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, குழாய் பொருத்திய துளைப் பெட்டி. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். போத்தலின் வாயில் ஊதும்போது எழும் ஒலியைப் போன்று, குழாயிலுள்ள காற்றும் அதிர்ந்து தாழ்ந்த சுரங்களுக்கு வலுவூட்டுகின்றது. ஆயினும், குழாயின் நீளம் பிழைத்தால் இசை குமுறலாகிவிடும். குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வீதம் சரியும். கூம்பும் தடையின்றி அலைந்து பழுதடையக்கூடும்.

மூன்றாவது, கூம்புக் குழாய். அயலூரான வெஸ்ற் ஒரேஞ்சில் எடிசன் உருவாக்கிய ஒலிக்கருவிகளும், எமது கோயில் திருவிழாக்களில் மரங்களில் கட்டும் ஒலிபெருக்கிகளும் இவ்வகையினவே. போல் கிளிப்ஸ் அதனை வீட்டு மூலைக்கேற்ப மடித்து அமைத்தார். குறைந்த மின்வலுவில் மிகுந்த ஒலி தருமெனினும், இதன் பருமனும் தச்சுவேலையும் புதியவருக்கு ஏற்றவையல்ல.

தெரிவு செய்வதற்கு எளிய கணக்கொன்று உண்டு. நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் வகுத்த அளவுகள் ஒலிபெருக்கியின் விவரத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அதில் எஃப்.எஸ். என்ற எண்ணைக் கியூ.ஈ.எஸ். என்ற எண்ணால் வகுக்க வேண்டும். விடை 50க்குக் குறைவாயின் மூடிய பெட்டி. 100க்கு மேலாயின் துளைப் பெட்டி. இடைப்பட்டதாயின் இரண்டுமே பொருந்தும். உதாரணமாக 36ஐ 0.8ஆல் வகுத்தால் 45. அதற்கு மூடிய பெட்டியே உகந்தது.

விடை இடைப்பட்டதாயின், அடுக்குமாடியில் வாழ்வோருக்கு மூடிய பெட்டியையே பரிந்துரைப்போம். சிறிய அறையின் சுவர்களே தாழ்ந்த சுரங்களை ஓரளவு உயர்த்திக் கொடுக்கும். அச்சுரங்களே சுவரைத் துளைத்து அயல்வீட்டுக்கும் செல்வன. வதிவிட அனுமதிக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அயலவரின் முறைப்பாடு சிறு விடயமன்று.

18 மில்லிமீற்றர் தடித்த எம்.டி.எஃப். பலகையைப் பயன்படுத்துங்கள். மூட்டுகளைப் பசையிட்டுக் காற்றுப் புகாதவாறு அடையுங்கள். உள்ளே தலையணைக்குரிய பொலியெஸ்ரர் பஞ்சைத் தளர்வாக இடுங்கள். முதற்பெட்டி சிறிதாகவும் மூடியதாகவும் இருக்கட்டும். அதில் கை தேர்ந்தபின் துளைப் பெட்டியை முயன்று பார்க்கலாம்.