நல்லூர் இல்லறமும் நெடுவழிப் பயணமும்

இல்லறம் என்ற சொல்லைக் கேட்டவுடன், ஒரு கூரையின் கீழ் இருவர் கூடி வாழும் வாழ்க்கையே மனக்கண் முன் தோன்றும். யாழ்ப்பாணத்து நல்லூரிலோ இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பல குடும்பங்களின் இல்லறம் இரண்டு இடங்களில் நடைபெற்று வந்தது. இல்லம் நல்லூரில் இருக்கும். உத்தியோகம் கொழும்பிலோ, கண்டியிலோ, கடல் கடந்த மலாயாவிலோ இருக்கும். இவ்விரண்டையும் இணைத்தவை விடுமுறை நாட்களும் நெடுவழியுமே. ஆதலால், பிற ஊர்களிலே பொழுதுபோக்காகக் கருதப்படும் விடுமுறைப் பயணம், நல்லூர் இளந்தம்பதியருக்கு இல்லறத்தைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாயிற்று. அத்தூண் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு முறிந்தது, மீண்டும் எவ்வாறு நிறுத்தப்பட்டது என்பதை அறிதல் பயனுடையது.

முதலில் இல்லத்தை நோக்குதல் தகும். யாழ்ப்பாணத்தில் மணம் முடித்த பெண் மாமியார் வீட்டுக்குக் குடிபுகுவது பொதுவழக்கன்று. பெற்றோர் சீதனமாக எழுதிக்கொடுக்கும் வீட்டிலோ, அல்லது பெற்றோருடைய வளவுக்குள்ளேயோ அவள் குடும்பம் தொடங்குகின்றது. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வந்து சேருகின்றார். ஆகவே, கணவன் தொலைவிடத்துக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றாலும் மனைவி அந்நியர் நடுவே தனித்து விடப்படுவதில்லை. தாய் தந்தையர், சகோதரிகள், மாமன் மாமியர் ஆகியோர் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் இருப்பர். வேலியில் ஒரு பொட்டு இருந்தால் போதும். ஒரு வீட்டுப் புட்டும் சொதியும் மறு வீட்டுக்குச் சென்றுவிடும். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், யாழ்ப்பாணத்து இளைஞர் அத்துணைத் தொகையினராய் வெளியூர் சென்று ஊழியம் செய்திருத்தல் அரிது.

தம்பதியர் ஒருவரை ஒருவர் அழைக்கும் முறையிலும் ஊருக்குரிய நயம் உண்டு. மனைவி கணவனை ‘இஞ்சருங்கோ’ என்று அழைப்பாள். கணவன் மனைவியை ‘நீர்’ என்றும் ‘வாரும்’ என்றும் மரியாதை குன்றாமல் விளிப்பான். வீட்டுக்கு உரியவள் அவள் என்பதை அவ்விளி நாள்தோறும் நினைவூட்டுவது போலத் தோன்றும்.

எனினும், உரிமை என்பது விளியோடு முடிந்துவிடுவதில்லை. அது சட்டத்திலும் தங்கியிருக்கின்றது. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் ஏட்டில் எழுதுவித்தனர். அப்பணியைச் செய்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி. பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு அதற்குச் சட்ட வலு அளித்தது. அதுவே தேசவழமை. முன்னோர் வழி வந்த சொத்து முதுசொம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுப்பது சீதனம். மணவாழ்வில் ஈட்டுவது தேடிய தேட்டம் என்று சொத்தை அது மூவகையாகப் பிரித்தது.

சீதன வீடு மனைவியினுடையதே. ஆயினும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அவளுடைய கையைச் சிறிது கட்டிற்று. நகை முதலிய அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி விற்கலாம். மரணசாதனமும் தானே எழுதலாம். ஆனால், வீட்டையோ காணியையோ விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் தகுந்த காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலும், அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலும் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்று 8ஆம் பிரிவு கூறிற்று. கணவன் அடுத்த அறையில் இருக்கும்போது இவ்விதி பெரிதாகத் தோன்றாது. அவன் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருக்கும்போதுதான் ஒரு கையெழுத்தின் அருமை புலப்படும்.

இனி, கணவன் ஏன் பிரிந்து சென்றான் என்பதை ஆராய வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல் நிலத்தின் அடியில் ஊறும் கிணற்று நீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். காணியோ தலைமுறைதோறும் சீதனமாகப் பிரிந்து பிரிந்து, பரப்புக் கணக்கில் சுருங்கிற்று. மறுபுறத்தில், 1816ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மிஷனரிமாரும், பின்னர் சைவப் பெரியோரும் நிறுவிய பாடசாலைகள் கல்வியைப் பெருக்கின. நிலம் தராத வாழ்வைக் கல்வி தந்தது. ஆனால் அதனை ஊரிலே தரவில்லை. இலங்கையின் அரசாங்கக் கந்தோர்களிலும், மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் யாழ்ப்பாணத்து இளைஞர் உத்தியோகம் பெற்றனர். மலாயா சென்றவர் நீண்ட விடுமுறையில் வந்து மணம் முடித்து, மனைவியுடன் கப்பலேறுவர். கொழும்பில் இருந்தவரோ வாடகையை எண்ணி மனைவியை ஊரில் விட்டு, மாதந்தோறும் காசுக்கட்டளை அனுப்புவர். அந்தப் பணத்தைக் கொண்டு வீட்டை நடத்துவதும், பிள்ளைகளைப் படிப்பிப்பதும், உறவினர் வீட்டு நன்மை தீமைகளில் கலந்துகொள்வதும் மனைவியின் பொறுப்பாயின. விடுமுறைக்கு வரும் தந்தையைக் கண்டு நாணி, தாயின் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொள்ளும் குழந்தை அக்காலத்து வீடுகளில் அரிய காட்சியன்று.

இத்தகைய வாழ்வுக்கு உயிர்நாடியாய் அமைந்தது வடபகுதிப் புகையிரதப் பாதை. அது முற்றுப்பெறுமுன் பயணம் எவ்வளவு கடினமாயிருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிற்காலத்தில் எழுத்தாளராய்ப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப், 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகம் ஏற்க வந்தபோது, அனுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை காட்டுவழியே மாட்டுவண்டியிலே வரவேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை பாதை திறக்கப்பட்டது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் ஓர் இரவுப் பயணமாயிற்று. 1956 ஏப்ரல் 23ஆம் நாள், பகலிலே ஓடும் ‘யாழ்தேவி’ கடுகதி தொடங்கிற்று. காலையில் கொழும்பை விட்டவர் அன்றே நல்லூரில் தம் வீட்டுப் படலையைத் திறக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அரசாங்க ஊழியருக்கு விடுமுறைக்காக அளிக்கப்பட்ட புகையிரத ஆணைச் சீட்டு அவர்தம் குடும்பத்துக்கும் பயன்பட்டது. ஆதலால், பள்ளி விடுமுறையில் மனைவியும் குழந்தைகளும் கொழும்புக்குச் சென்று, காலிமுகத் திடலையும் மிருகக்காட்சிச்சாலையையும் கண்டு மீள்வதும் வழக்கமாயிற்று.

ஆயினும், பெரும்பாலும் விடுமுறை என்பது ஊர் திரும்புதலே. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி ஆகிய மூன்றும் ஒன்றிரண்டு நாட்களில் முடிந்துவிடும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவமோ இருபத்தைந்து நாட்கள் நடைபெறும். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி, இருபத்துநான்காம் நாள் தேரும், ஆவணி அமாவாசையன்று தீர்த்தமும் நிகழும். அடுத்த நாள் பூங்காவனம். அன்று முருகப் பெருமானுக்குத் திருக்கல்யாணம். ஆண்டு விடுமுறையைச் சிக்கனமாய்ச் சேர்த்து வைத்து, தேருக்கு முந்திய வாரத்திலே ஊர் வந்து சேருவது கொழும்பு உத்தியோகத்தரின் கணக்கு. விடியற்காலையில் ஈரம் உலராத கூந்தலுடன் மனைவியும், வேட்டியுடுத்து மேலாடை களைந்த கணவனும் வீதி வெண்மணலில் தேருக்குப் பின்னே செல்வர். அவ்வீதியிலே மணமாகி ஓராண்டான தம்பதியரும் ஐம்பதாண்டான தம்பதியரும் அருகருகே நடப்பர்.

திருவிழா முடிந்தபின் சிறு பயணங்கள் தொடங்கும். கீரிமலைக் கேணியில் நீராடி, மாவிட்டபுரத்தில் வழிபட்டு, மாலையில் காங்கேசன்துறைக் கடற்காற்றை வாங்கித் திரும்புவது ஒரு நாட் பயணம். காரைநகர்க் கசூரினா கடற்கரை மற்றொன்று. குழந்தைப் பேற்றை வேண்டும் தம்பதியர் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் செல்வர். சற்று வசதியுள்ளோர் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, இராமேசுவரம், மதுரை, சிதம்பரம் ஆகிய தலங்களைத் தரிசிப்பர். சிதம்பரம் நல்லூராருக்கு அயலூர் போன்றது. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார் அல்லவா? 1914ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கப்பல் வழியின் தனுஷ்கோடித் துறையை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது.

கடல்வழி நின்றதைக் காட்டிலும் நிலவழி நின்றதே இல்லறத்தைப் பெரிதும் வருத்திற்று. போரின் காரணமாக 1990ஆம் ஆண்டில் புகையிரதம் யாழ்ப்பாணம் வருவது நின்றது. கணவன் தென்னிலங்கையிலும் மனைவி வடக்கிலுமாக இருந்த குடும்பங்கள் இரு துண்டாயின. கிளாலிக் கடல்நீரேரியை உயிரைப் பணயம் வைத்து இரவில் படகேறிக் கடந்தே பலர் தம் குடும்பத்தைக் கண்டனர். 1995 அக்டோபர் இறுதியில் நல்லூர் உட்பட வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. சீதன வீடு பூட்டியபடி நிற்க, அவ்வீட்டுக்குரியவள் தென்மராட்சியின் மரநிழலில் அடுப்பு மூட்டினாள். பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். மணமான சின்னாட்களிலே கணவன் வெளிநாடு செல்ல, நுழைவு அனுமதிக்காக மனைவி ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும் உண்டு. அப்போது முன்பு கூறிய 6ஆம் பிரிவு வெறும் எழுத்தாக இருக்கவில்லை. அற்றோணித் தத்துவம் கடல் கடந்து வரும்வரை, தன் பெயரிலுள்ள காணியைத் தன் தேவைக்கு ஈடு வைக்கவும் ஒரு பெண்ணால் இயலவில்லை. கணவன் காணாமற் போனவளின் நிலையோ அதனினும் கொடிது. தேடி அலைந்த அதே கால்களுடன் அவள் நீதிமன்றப் படியும் ஏறவேண்டியதாயிற்று.

வழிகள் மெல்ல மெல்ல மீண்டும் திறந்தன. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தபின், 2014 அக்டோபர் 13ஆம் நாள் யாழ்தேவி யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது. 2019ஆம் ஆண்டில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமான சேவை தொடங்கிற்று. இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடர்ந்தது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடிற்று. திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதியில் தொராண்டோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த இளந்தம்பதியரைக் காணுதல் இன்று இயல்பு. பாட்டன் கொழும்பிலிருந்து விடுமுறை எண்ணி வந்த அதே தேருக்கு, பேரன் கண்டங்கள் கடந்து விடுமுறை எண்ணி வருகின்றான்.

இவ்வரலாறு இளந்தம்பதியருக்கு இரண்டு செய்திகளைக் கூறுகின்றது. பிரிந்து உழைக்க நேருமாயின், கூடும் நாட்களை உறவினர் விருந்துகளுக்கே ஒப்படைத்துவிடாது, தமக்கென்றும் குழந்தைகளுக்கென்றும் சில நாட்களை ஒதுக்குதல் வேண்டும் என்பது ஒன்று. புறப்படுமுன் பெட்டியைக் கட்டுவதுபோலவே, வீட்டுரிமைப் பத்திரங்களையும் சம்மதக் கையெழுத்துகளையும் இருவரும் அமர்ந்து பேசி ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. அன்பு தூரத்தைத் தாங்கும். ஆயினும், தனித்திருந்து வீட்டைக் காப்பவளுக்கு அன்போடு அதிகாரமும் வேண்டும். அதனை உணர்ந்து செயற்படும் தம்பதியரின் இல்லறம், வழி நெடிதாயினும் தளராது.