அம்மிணிக் கொழுக்கட்டைப் பாடம்

பல வீடுகளில் தட்டோடு பிள்ளையின் பின்னால் ஓடுகிறோம். நிலா காட்டி ஊட்டிய காலம் போய் செல்போன் காட்டி ஊட்டுகிறோம். சோறு தட்டுக்கு வருவதற்கு முன்பே பிள்ளையை அடுப்படிக்கு அழைத்துவிட்டால் என்ன?

இரண்டு வயதைத் தாண்டிய பல குழந்தைகள், புதிதாக ஒரு காயைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்வார்கள். அது பிடிவாதம் இல்லை, பழகாத உணவின் மேல் வரும் பயம். கையும் மூக்கும் பழகிவிட்டால் நாக்கு கொஞ்சம் இறங்கிவரும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 6 முதல் 10 வயது வரையுள்ள 47 பிள்ளைகளில் பெற்றோரோடு சேர்ந்து சமைத்தவர்கள், சமைக்காதவர்களைவிட சாலட்டை 76 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நடத்தியது நெஸ்லேயின் ஆய்வு மையம். பார்த்தது ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், தான் உரித்த பட்டாணியைக் குருமாவில் தேடிப் பார்க்கும் பிள்ளையைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பிள்ளைகளை நிஜ வேலையில் சேர்ப்பது புதிய யோசனை இல்லை. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் மேஜையில் தட்டு வைத்தார்கள், சூப் பரிமாறினார்கள். விளையாட்டுச் சொப்பு இல்லை. கீழே போட்டால் உடையும் நிஜப் பாத்திரம். அதே மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். இன்று அவர் பெயர் போட்ட பள்ளிப் பலகைகளுக்குக் குறைவில்லை. உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்!

நம் வீட்டில் அவர் சொன்ன பாடத்துக்கு அம்மிணிக் கொழுக்கட்டை போதும். பச்சரிசி மாவில் உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்து, கொதிநீர் ஊற்றிக் கிளறுவது பெரியவர் வேலை. ஏன் கொதிநீர் என்று பிள்ளை கேட்கும். கோதுமையில் இருக்கும் பிசின் அரிசியில் கிடையாது, சூட்டில் மாவு பாதி வெந்தால்தான் ஒட்டும் என்று சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் பிசைந்து, அது உதிர்வதையும் காட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். கோலிக்குண்டு அளவில் உருட்டட்டும். பெரிதாகப் போனவை உள்ளே வேகாது. ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் பிள்ளையே புரிந்துகொள்ளும். உருட்டி உருட்டி வலுவாகும் இந்த விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகின்றன. எண்ணி அடுக்குவதும், வெந்ததைச் சரிபாதியாகப் பங்கிடுவதும் கணக்கு. ஆவியில் பத்து நிமிடம், பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவல்.

கொழுக்கட்டையோடு நிற்க வேண்டாம். மூன்று வயதில் முருங்கைக்கீரை உருவலாம், பூண்டுத் தோல் ஊதலாம். நான்கு ஐந்தில் ஆழாக்கு வைத்து அரிசி அளக்கலாம், சப்பாத்தி மாவு பிசையலாம். குக்கர், கொதிக்கும் எண்ணெய், அரிவாள்மனை பக்கம் விடாதீர்கள். பச்சை மிளகாய் தொட்ட கை கண்ணுக்குப் போகும். முழு வேர்க்கடலை சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும்.

காலை ஏழரை மணிக்கு ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது இதெல்லாம் நடக்காது. எல்லாப் பொறுப்பையும் அம்மாவின் தலையில் இறக்கும் இன்னொரு அறிவுரை இது என்று யாராவது கோபித்தால், அந்தக் கோபம் நியாயம். ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள் உட்காரட்டும். பையனையும் கூப்பிடுங்கள். பெண் குழந்தைக்கு ‘உதவி’, ஆண் குழந்தைக்கு ‘விளையாட்டு’ என்று பிரிப்பது ஐந்து வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை உருட்டியது கோணல்மாணலாக இருந்தால், பிள்ளை அந்தப் பக்கம் போனதும் எடுத்துத் திரும்ப உருட்டாதீர்கள். அப்படியே வேகவைத்து, அதையே முதலில் பரிமாறுங்கள்.