முத்துக் கடலோரம் ஒரு மின்சார ஆலை

முத்தையாபுரம் உப்பளங்களைத் தாண்டிப் போனால், கடலோரத்தில் வானை முட்டும் புகைபோக்கிகள் தெரியும். அதுதான் தூத்துக்குடி அனல் மின்சார நிலையம்.

நெல்லைச் சீமை 1944-ல் பாபநாசம் நீர் மின்சாரத்தைக் கண்டது. மழை பொய்த்தால் அருவி வற்றும். நெருப்புக்கு அந்தக் கவலை இல்லை. 1979-ல் இங்கே முதல் ஜெனரேட்டர் சுழன்றது. அதன் சக்தி 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோவாட். 1992-க்குள் அவை ஐந்தாயின. 2015-ல் பக்கத்திலேயே, தலா 5 லட்சம் கிலோவாட் சக்தியுள்ள இரண்டு ஜெனரேட்டர்களுடன் இன்னொரு நிலையமும் வந்தது.

கரி எங்கே?

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. இங்கு எரிவதோ கறுப்பு நிலக்கரி. வங்காளத்து ஹால்டியாவிலும் ஒடிசாவின் பாரதீப்பிலும் அதைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். முழுமூச்சில் ஓடும் பழைய ஜெனரேட்டர் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3 ஆயிரம் டன்னுக்கு மேல் கரி வேண்டும்!

கடலின் பங்கு

நீராவியைக் குளிரவைப்பதும் கடல் நீரே. சூடேறிய அந்த நீர் மறுபடி கடலுக்கே போகிறது. நம் நாட்டுக் கரியில் நூறு கிலோவுக்கு முப்பது கிலோவுக்கு மேல் சாம்பலும் மிஞ்சும். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போனால் அது செல்வம். கடலில் கலந்தால் பவளப் பாறைக்கும் மீனுக்கும் கேடு.

இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்துப் போனாலும், மீனை நம்பிய குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. வீட்டுக்கு விளக்கும் வேண்டும். வலைக்கு மீனும் வேண்டும். சாம்பலைக் கரையிலேயே நிறுத்தினால் இரண்டும் கிடைக்கும்.