பிறை நாட்காட்டியும் கடற்கரைக் கலை விழாக்களும்

நம் இல்லங்களின் சுவர்களில் பெரும்பாலும் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று சூரியனைப் பின்பற்றுவது. பள்ளி விடுமுறையும் சம்பள நாளும் அதில் இருக்கும். மற்றொன்று பிறையைப் பின்பற்றுவது. நோன்பும் பெருநாளும் மீலாதும் அதில் இருக்கும். சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்கள். ஆதலால் நம் சிறப்பு நாள்கள் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள்கள் முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன.

செங்கற்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரக் கடற்கரையிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் இவ்விரு நாட்காட்டிகளையும் இப்போது அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன், இக்கடற்கரையில் ஆண்டுதோறும் என்னென்ன நடைபெறுகின்றன என்பதைக் காண்போம்.

மாமல்லபுரத்தில் ஒரு மாதம்

தமிழ்நாடு சுற்றுலாத் துறை 1990களின் தொடக்கத்திலிருந்து மாமல்லபுரத்தில் நாட்டிய விழாவை நடத்தி வருகிறது. டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரியில் நிறைவுறுவது இதன் வழக்கம். முன்னர் அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்பு மேடை அமைத்தார்கள். பின்னாளில் விழா கடற்கரைக் கோயிலின் அருகே மாற்றப்பட்டது. பரதநாட்டியம், குச்சிப்புடி, கதகளி, ஒடிசி, கதக் ஆகியவற்றுடன் நம் நாட்டுப்புற ஆட்டங்களும் இங்கே இடம்பெறுகின்றன.

இவற்றுள் கதக் நடனத்தின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நல்லது. வட இந்தியக் கதை சொல்லிகளிடம் தோன்றிய இக்கலை, முகலாய அரசவையிலும் பின்னர் அவத் நவாபுகளின் இலக்னோவிலும் வளர்ந்து இன்றைய வடிவம் பெற்றது. 1856இல் ஆங்கிலேயரால் ஆட்சியிழந்த வாஜித் அலீ ஷா இதன் பெரும் புரவலர்.

மாமல்லபுரத்தின் பல்லவர் காலச் சின்னங்கள் 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி 1957இல் தொடங்கப்பெற்றது. 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் போட்டியும் இவ்வூரிலேயே நடைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இங்கே பன்னாட்டுப் பட்டத் திருவிழா நடந்தது. 2024இல் அது கோவளத்தை அடுத்த திருவிடந்தையில் நடந்தது. உலகம் வந்து பார்த்துப் போகும் இடத்தை, முப்பது கிலோ மீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டுப் பிள்ளைகள் பார்க்காமல் வளர்வது நியாயமா?

முட்டுக்காட்டில் ஒரு முஸ்லிம் வீடு

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா உள்ளது. 1984இல் நிறுவப்பட்ட சென்னைக் கைவினை அறக்கட்டளை 1996 டிசம்பரில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. தென்னிந்திய மாநிலங்களில் இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்தெடுத்து வந்து இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செலவு குறைந்த, எளிய கட்டடங்களுக்குப் புகழ்பெற்ற லாரி பேக்கர் இவ்வளாகத்தின் தொடக்க வடிவமைப்பைச் செய்தவர்.

செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு என்று பார்த்துக்கொண்டே சென்றால், கருநாடகத்துச் சிக்கமகளூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டையும் காணலாம். தென்னாட்டு வாழ்வின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் நம் வீடும் ஒரு வீடாக நிற்கிறது. பாடநூல் பக்கங்கள் பலவற்றைக் காட்டிலும் அக்காட்சி பிள்ளைகளின் மனத்தில் ஆழப் பதியும்.

பொங்கல் போன்ற பண்டிகைக் காலங்களில் இங்கு நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிகளும் கைவினைச் செயல்விளக்கங்களும் நடைபெறுகின்றன. குயவர் சக்கரத்தில் மண்ணைத் தொட்டுப் பார்க்கவும் பிள்ளைகளுக்கு வாய்ப்புண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்க.

கோவளத்தின் நினைவுகள்

முட்டுக்காட்டை அடுத்துள்ளது கோவளம். நபித்தோழர் என்று மரபு வழியாகப் போற்றப்படும் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் இங்குள்ளது. ஆண்டுக் கந்தூரிக்கும் மற்ற நாள்களுக்கும் சமய வேறுபாடின்றி மக்கள் வருகின்றனர். பள்ளிவாசலும் மாதா கோயிலும் மீனவர் குப்பமும் அடுத்தடுத்து அமைந்த ஊர் இது.

ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்விடத்தைத் துறைமுகமாக வளர்த்தார். அவர் பெயரால் இது சஆதத் பந்தர் எனப்பட்டது. இங்கிருந்த கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். இன்று கோட்டை இருந்த இடத்தில் ஒரு நட்சத்திர விடுதி நிற்கிறது. கந்தூரிக்குச் செல்லும் குடும்பங்களில் எத்தனை பேர் இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம்?

கந்தூரிச் சடங்குகள் சிலவற்றைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் இருப்பதை நான் அறிவேன். அவ்விவாதத்தை இங்கே எழுப்ப விரும்பவில்லை. ஆயினும் இவ்விழாக்களையொட்டி ஒரு பாட்டு மரபு வாழ்ந்தது என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். பக்கீர்மார்கள் தாயிரா என்னும் ஒருமுகப் பறையைத் தட்டிக்கொண்டு ஞானப் பாடல்களையும் கிஸ்ஸாக்களையும் தெருத்தெருவாகப் பாடி வந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் நபிமார்களின் வரலாற்றைச் செவிவழியாகக் கற்றது அவர்களிடமிருந்தும்தான். இன்று அந்தக் குரல் நம் தெருக்களில் கேட்பது அரிதாகிவிட்டது.

பாட்டும் மார்க்கமும்

“கலை விழா நமக்கு எதற்கு?” என்று வினவுவோர் உண்டு. அவர்களுடைய அச்சம் பொருளற்றது அன்று. ஆபாசமும் வீண்விரயமும் தொழுகையை மறக்கடிக்கும் களிப்பும் எங்கே இருந்தாலும் அவற்றிலிருந்து ஒதுங்கியே ஆக வேண்டும். இசைக்கருவிகளைப் பற்றி இமாம்களிடையே வேறுபட்ட கருத்துகள் உள்ளன; அவரவர் தாம் பின்பற்றும் வழியில் உறுதியாக இருப்பதே முறை.

ஆயினும் பெருநாள் ஒன்றில் சிறுமியர் இருவர் தஃப் கொட்டிப் பாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பதும், அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண வழி செய்தார்கள் என்பதும் ஆதாரபூர்வமான நபிமொழிகளில் வந்துள்ளன. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவிஞராகவே நபியவர்களுக்குத் துணை நின்றார்கள். மகிழ்ச்சிக்கும் கவிதைக்கும் மார்க்கத்தில் இடமே இல்லை என்று பிள்ளைகளிடம் கூறினால், அவர்கள் அவற்றை வேறு எங்கோ, நம் கண்ணுக்கு மறைவாகத் தேடிக்கொள்வார்கள். இன்று அந்த ‘வேறு எங்கோ’ அவர்கள் கையிலிருக்கும் கைபேசியிலேயே இருக்கிறது.

எதைக் காண்பது, எதைத் தவிர்ப்பது என்பதைப் பெற்றோர் உடனிருந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். மாமல்லபுரத்தில் அந்திப் பொழுதில்தான் நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். மஃரிபைத் தொழுத பின் அரங்கில் அமர்வதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் தொழுகை தவறாது.

நாம் விருந்தினர் மட்டுமா?

இந்த விழாக்களில் நாம் பிறர் வீட்டு விருந்தினரைப் போல ஓரத்தில் நிற்க வேண்டியதில்லை. மங்கல இசையாகக் கோயில்களில் ஒலிக்கும் நாதஸ்வரத்தில் முடிசூடா மன்னராக விளங்கிய ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த முஸ்லிம். 1977இல் பத்மஸ்ரீ விருதும், 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றவர். நாதஸ்வர இணையரான காலீஷாபி–ஷேக் மஹபூப் சுபானி ஆகியோரைத் தேடி 2020இல் பத்மஸ்ரீ வந்தது.

இலக்கியத்தில் நம் பங்கு இன்னும் பெரிது. வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா 1572இல் அரங்கேறியது. வினாவும் விடையுமாக அமைந்த நூல் அது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 பாடல்களால் ஆனது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்னும் சிற்றிலக்கிய வகைகளைத் தமிழுக்குத் தந்தவர்கள் முஸ்லிம் புலவர்களே. குணங்குடி மஸ்தான் சாகிபு தம் பிற்காலத்தைக் கழித்தது இதே கடற்கரையின் வடபால், சென்னை இராயபுரத்தில். கோட்டாற்றுச் செய்குத் தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் ஒரே அவையில் நூறு செய்திகளைக் கவனத்தில் நிறுத்திச் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். 1973இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு இப்புதையல்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் கம்பீரக் குரல் மேடைகளிலும் ஒலிநாடாக்களிலும் ஒலித்து வீடுவீடாகச் சென்றது.

ஆனால் இவை அனைத்தும் ஏட்டிலும் ஒலிநாடாவிலும் இருந்தால் போதுமா? பாடப்படாத பாட்டு ஒரு தலைமுறையில் மங்கும். இரண்டாம் தலைமுறையில் அதன் பெயரும் மறையும். மதரஸாவில் ஓத வரும் பிள்ளைகளுக்கு ஹனீபாவின் பாடல்களில் இரண்டொன்று தெரிகிறது. உமறுப் புலவரின் பெயர் தெரிந்தவர் சிலரே. அவருடைய செய்யுள் ஒன்றை வாய்விட்டுச் சொல்லக் கூடிய பிள்ளையைக் காண்பது மிக அரிது. குறை பிள்ளைகளிடம் இல்லை. அவர்கள் சொல்வதற்கும் கேட்பதற்கும் நம் மஹல்லாக்களில் ஒரு மேடை இல்லை.

வரும் ஆண்டுகளின் கணக்கு

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட காரணத்துக்கு வருவோம். பிறை பார்ப்பதற்கு உட்பட்டு, 2028இல் ரமழான் ஜனவரி இறுதியில் தொடங்கும். 2029இல் அது ஜனவரி நடுவில் தொடங்கும். 2030ஆம் ஆண்டில் இரண்டு ரமழான்கள் வருகின்றன: ஒன்று ஜனவரி முதல் வாரத்தில், மற்றொன்று டிசம்பர் இறுதி வாரத்தில். அந்த டிசம்பரில் தொடங்கும் நோன்பு மாமல்லபுர விழாவின் பெரும்பகுதியைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். அதன் பின்னும் ஓரிரு ஆண்டுகள் இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். 2033 வாக்கில்தான் அவை முற்றாகப் பிரியும்.

நோன்பு மாதத்தின் இரவுகள் தராவீஹுக்கும் குர்ஆனுக்கும் உரியவை. நாட்டிய அரங்குக்கு உரியவை அல்ல. ஆகவே இன்று ஏழு, எட்டு வயதுடைய பிள்ளைகள் பதின்பருவத்தை எட்டும் வரையில் குடும்பத்தோடு நிம்மதியாகச் செல்லத்தக்க ஆண்டுகள் மிகச் சிலவே. “அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒத்திப் போடுவதற்கு இப்போது இடமில்லை.

மீலாது காலமோ நமக்கு அனுகூலமாக நகர்கிறது. 2027இல் ரபீயுல் அவ்வல் பன்னிரண்டாம் நாள் சுதந்திர தினத்தையொட்டி வரும். 2028இல் அது ஆகஸ்ட் முதல் வாரத்தை எட்டும். காலாண்டுத் தேர்வுக்கு முந்திய, பிள்ளைகளுக்குச் சற்று ஓய்வுள்ள நாள்கள் இவை. ஒரு நல்ல நிகழ்ச்சியை ஆயத்தம் செய்ய இதைவிட ஏற்ற காலம் இல்லை.

மஹல்லாவுக்கு ஓர் அந்திப் பொழுது

பெருஞ்செலவோ பெரிய அமைப்போ வேண்டியதில்லை. செங்கற்பட்டு நகரிலும் மதுராந்தகத்திலும் கடற்கரை ஊர்களிலும் உள்ள ஜமாஅத்துகள், ரபீயுல் அவ்வலில் வழக்கமாக நடத்தும் சொற்பொழிவோடு ஒரேயோர் அந்திப் பொழுதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அதில் சிறுவர் சிறுமியர் சீறாப்புராணத்தின் ஒரு படலத்திலிருந்து பத்துச் செய்யுள்களை ஓசையுடன் சொல்லட்டும். தமிழாசிரியர் ஒருவர் எளிய உரை கூறட்டும். ஆயிரம் மசலாவின் வழியைப் பின்பற்றி, மார்க்க அறிவு பற்றிய வினா விடை அரங்கு ஒன்று அமையட்டும். மூத்தவர்கள் தாலாட்டுகளையும் முனாஜாத்துகளையும் நினைவிலிருந்து சொல்ல, இளைஞர்கள் கைபேசியில் பதிவு செய்து ஊர் நூலகத்தில் சேர்க்கட்டும். உருது பேசும் குடும்பங்கள் வாழும் மஹல்லாவில் முஷாஇரா மரபில் இரண்டு கவிதைகள் ஒலிக்கட்டும்.

இரண்டு செய்திகளை மட்டும் மறந்துவிடக் கூடாது. முதலாவது, தாய்மார்களுக்குத் தனியான, வசதியான, மேடை தெளிவாகத் தெரியும் இடம் வேண்டும். பாட்டைப் பிள்ளைக்குக் கடத்துபவள் தாய்; அவளைப் பின்புறத் தட்டிக்குப் பின்னால் ஒலிபெருக்கியை மட்டும் கேட்க வைத்துவிட்டு மரபு அழிகிறது என்று வருந்துவதில் பொருள் இல்லை. இரண்டாவது, பக்கத்துத் தெருச் சகோதர சமயத்தாரை அழைக்க வேண்டும். நாம் அவர்களுடைய விழாக்களின் இசையை ஆண்டு முழுவதும் கேட்கிறோம். நம் தமிழின் இனிமையை அவர்களும் ஒருநாள் கேட்கட்டும்.

ஆகவே பெற்றோரே, இவ்வாரமே இரண்டு நாட்காட்டிகளையும் கழற்றி அருகருகே வையுங்கள். டிசம்பர் விடுமுறையில் ஒருநாளை முட்டுக்காட்டுக்கும் ஓர் அந்தியை மாமல்லபுரத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள். ரபீயுல் அவ்வலில் ஓர் அந்தியைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் தலைவரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். ஒரு பிள்ளைக்குப் பத்துச் செய்யுள் என்றால், நாளைக்கு ஒன்றாகப் பத்தே நாள் பயிற்சி. இன்ஷா அல்லாஹ், நம் கடற்கரையில் அந்தக் குரல் மீண்டும் கேட்கும்.