குழுவில் சொன்னார்கள், டாக்டர்!

குழந்தை வளர்ச்சிப் பிரிவில் வேலை செய்யும் என்னிடம், ஐந்து வயது முடியப்போகிற பிள்ளையை முதன்முறையாக அழைத்துவரும் பெற்றோர் குறைந்தபாடில்லை. இரண்டு வயதில் வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். "இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்?" என்று கேட்டால், செல்பேசியைத் திறந்து ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டுகிறார்கள். எந்த மாவை நிறுத்த வேண்டும், எந்தச் சொட்டுமருந்தை வரவழைக்க வேண்டும், எந்த ஊரில் ஊசி போடுகிறார்கள் என்று எல்லாமே அதில் இருக்கிறது. "ஆட்டிசம் பேரன்ட்ஸ் குரூப்ல சொன்னாங்க டாக்டர்" என்பதுதான் பதில்.

கொரோனா ஊரடங்கில் தெரபி மையங்கள் மூடிக்கிடந்தபோது பெற்றோர் வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்ந்தார்கள். அன்றைக்கு அது பெரிய ஆறுதல். பிறகு அந்தக் குழுக்கள் பெருகின. அவற்றை மூடிவிடச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவை வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். ஆனால் பெற்றோரைத் தாங்குவதற்காகத் தொடங்கிய குழு, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க இறங்கும்போது கேடு தொடங்கிவிடுகிறது.

பெற்றோர் கூடித்தான் திருத்தினார்கள்

1943-ல் மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து ஆட்டிசம் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்தவர்களே சொன்னார்கள். அவர்களில் ஒருவரான புரூனோ பெட்டல்ஹெய்ம் அதை ஊரெல்லாம் பரப்பினார். எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்களோ! உளவியலாளரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964-ல் எழுதிய நூல் அந்தக் கருத்தின் வேரை அறுத்தது. மறு ஆண்டே அவரும் மற்ற பெற்றோரும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிரிட்டனில் 1962-லேயே பெற்றோர் கூடிவிட்டார்கள். நம் நாட்டில், 1991-ல் டெல்லியில் ஆட்டிசம் உள்ள மகனின் தாய் மேரி பரூவா 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

மருத்துவத் துறை செய்த தவறைத் திருத்தியதில் பெற்றோருக்குப் பெரும்பங்கு உண்டு. பெற்றோர் குழு என்றாலே முகம் சுளிக்கும் என் சக மருத்துவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரவு பதினொரு மணிக்கு யாரிடம் பேசுவது?

பிள்ளை தூங்காமல் வீட்டைச் சுற்றிச்சுற்றி ஓடுகிறான். கணவர் வெளிநாட்டில். "நீ கர்ப்பமா இருக்கும்போது சரியா சாப்பிடல" என்று மாமியார் சொல்கிறார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. போனால் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுவான், ஊரே திரும்பிப் பார்க்கும். இப்படி வாழும் ஒரு தாய்க்கு நான் எழுதித் தரும் சீட்டில் இருப்பதைவிட அதிகமான மருந்து, "என் பொண்ணும் இப்படித்தான் இருந்தா, இப்ப நாலு மணி நேரம் தூங்குறா" என்று இன்னொரு தாய் அனுப்பும் வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது.

குழுவால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்விகளும் உண்டு. அடம்பிடிக்கும் பிள்ளைக்குப் பொறுமையாக முடிவெட்டும் கடை எது? டாய்லெட் பழக்க எங்கிருந்து தொடங்குவது? எந்தப் பள்ளி சீட் தருகிறது, எந்தப் பள்ளி தந்துவிட்டு மூன்றாம் மாதம் டி.சி. கொடுக்கிறது? மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மருத்துவக் குழு எந்தக் கிழமையில் உட்காரும்? யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்னென்ன வேண்டும்? தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் சட்டப்படி காப்பாளராக, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் தெரியாது. தெரபிக்கு இரண்டு பஸ் மாறிப்போகும் சிற்றூர்ப் பெற்றோருக்கு இந்தத் தகவல்கள் பொன் போன்றவை.

குழுக்களில் சுற்றும் பொய்கள்

முதலாவது, "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." கூடவே "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாராம்" என்ற சாட்சி. நான் பார்க்கும் தாமதங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியங்களில் பிறந்தவை. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, எந்த வயதிலானாலும் பேசிக்கொண்டிருந்த பேச்சை இழக்கும் பிள்ளை: இவர்களைக் காத்திருக்க வைக்கவே கூடாது. காதுகேட்கும் திறனைச் சோதிப்போம், பிள்ளையின் விளையாட்டையும் நடத்தையையும் கவனித்து, பெற்றோரிடம் விவரம் கேட்டு முடிவு சொல்வோம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைச் சொல்லாது.

பேச்சு வருவதற்கு நாக்கில் வசம்பு உரசுவது அடுத்தது. தேனில் குழைத்துத் தடவினால் நாக்குத் தடிப்பு போய்விடுமாம். ஆட்டிசத்தில் நாக்கில் எந்தத் தடிப்பும் இல்லை. இன்னொருவரோடு தொடர்புகொள்ள மூளை எடுத்துக்கொள்ளும் வழி வேறாக இருக்கிறது. வசம்பு நச்சுத்தன்மை கொண்டது, அளவு மீறினால் விடாத வாந்தியில் கொண்டுபோய் விடும். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதோ போட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி நச்சுக்குக் கதவைத் திறப்பது. எதில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஈயமும் பாதரசமும் கலந்த பொடி, வளரும் மூளைக்குச் செய்யும் கேட்டைத் திரும்ப எடுக்க முடியாது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பொய் 1998-ல் லான்செட் இதழில் வந்த ஒரே ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவர்கள் 12 பிள்ளைகள். 2010-ல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தட்டம்மையையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை என்று தெளிவானது. இத்தனைக்குப் பிறகும் தம்பி, தங்கைக்கு ஊசியே போடாமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் ஃபார்வர்டு செய்தவர் வந்து ஐ.சி.யு. வாசலில் நிற்கமாட்டார்.

பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே நாலைந்து பண்டங்களை மட்டுமே தின்னும் பிள்ளையிடமிருந்து தயிர்சாதத்தையும் பறித்துவிட்டால் மீதி என்ன இருக்கும்? எலும்பு தெரிய வரும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

'மிராக்கிள்' என்ற பெயரில் விற்கும் குளோரின் டையாக்சைடு கரைசல், தரையையும் துணியையும் வெளுக்கும் ப்ளீச் வகையைச் சேர்ந்தது. அதைக் குடிக்க வேண்டாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2010-லும் 2019-லும் எச்சரித்தது. அதை இங்கே ஒரு தாய் சொட்டு எண்ணி ஊற்றுகிறார் என்றால் அவரது அன்பை நான் சந்தேகப்படவில்லை, அவரிடம் அதை விற்றவரைத்தான் குற்றம் சொல்கிறேன். உலோகத்தை வெளியேற்றும் 'கீலேஷன்' சிகிச்சையில் 2005-ல் பென்சில்வேனியாவில் ஓர் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தே போனான். ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுவிட்டது.

நகையை அடகுவைக்க வைப்பது ஸ்டெம் செல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ரத்தநோய்கள் போன்ற ஒப்புதல் பெற்ற சில பயன்பாடுகள் நீங்கலாக, ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் சொல்லிவிட்டது. பல லட்சம் வாங்கிக்கொண்டு, "மூணு சிட்டிங்ல பேச்சு வரும்" என்கிறவர்களின் விளம்பரம் இன்றும் குழுக்களுக்குள் வருகிறது, அதுவும் 'ஒரு பெற்றோரின் அனுபவம்' என்ற வேடத்தில்.

"போனைப் பிடுங்கினால் சரியாயிடும்" என்பதில் பாதி உண்மை கலந்திருப்பதால் அது கூடுதல் ஆபத்து. இரண்டு வயதுக்குள் திரை கூடாது, ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. கட்டாயம் குறையுங்கள். ஆனால் போனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்ப்போம் என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமே!

மருந்துச்சீட்டைப் பகிராதீர்கள்

ரிஸ்பெரிடோன் பாட்டிலைப் படம் எடுத்து, "இதைக் கொடுங்க, அமைதியாயிடுவான்" என்று எழுதுகிறார்கள். மற்றவர் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அது கடும் ஆத்திரத்துக்கும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் சில பிள்ளைகளுக்கு நாங்கள் எடை பார்த்து, கண்காணித்துத் தரும் மருந்து. எடையைக் கூட்டும், ஹார்மோனைக் குலைக்கும், சிலருக்கு உடல் விறைக்கும். ஆட்டிசத்தை அது குணப்படுத்தாது, வேறெந்த மருந்தும் குணப்படுத்தாது. இதைவிட மோசம், குழுவில் யாரோ "மருந்து மூளையை மந்தமாக்கும்" என்றதைக் கேட்டு வலிப்பு மருந்தைச் சட்டென நிறுத்துவது. அப்படி நிறுத்தி, விடாத வலிப்போடு நள்ளிரவில் தூக்கிவரப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெயரையும் அளவையும் குழுவில் போடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொல்லலாம்.

நல்ல குழு எப்படி இருக்கும்?

முதலில் சிறியதாக இருக்கும். ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் அழுகிற குரல் அமுங்கிப்போகும். ஒரு மாவட்டம் அல்லது இரண்டு மூன்று தாலுகா போதும், என்றாவது ஒரு ஞாயிறு பூங்காவில் நேரில் சந்திக்க முடிகிற தூரம். அட்மின்களில் ஒருவராவது அப்பாவாக இருக்கட்டும். நம் ஊரில் இது முழுக்க அம்மாவின் வேலையாகவே ஆகிவிட்டது. வளர்ந்த பிள்ளையின் பெற்றோர் ஒருவரும், ஆட்டிசம் உள்ள வளர்ந்த ஒருவரும் குழுவில் இருந்தால், "நாளைக்கு இவன் என்ன ஆவான்?" என்ற பயத்துக்குப் பதில் கிடைக்கும். அவர்களிடமிருந்து நானே நிறையக் கற்றுக்கொள்கிறேன்.

விற்பனை நுழையக் கூடாது. புத்தகம், பொம்மை, மாவு என்று தொடங்கி ஊசியில் போய் முடியும். எந்தச் சிகிச்சையைப் பற்றியும் ஒருவர் எழுதினால், அதை விற்பவரோடு அவருக்குத் தொடர்பு உண்டா என்று அட்மின் கேட்டே ஆக வேண்டும்.

பிள்ளை கத்தி உருளும் நேரத்தில் எடுத்த வீடியோவைப் போடவே வேண்டாம். பத்து வருடம் கழித்து அவன் கண்ணிலேயே அது படும். கேள்வியை எழுத்தில் கேட்டாலே மற்றவர்களுக்குப் புரியும்.

"என் பையன் பேசிட்டான்!" என்ற மகிழ்ச்சி அதே நொடியில் இன்னொரு தாயைக் குத்தும். மகிழ்ச்சியைத் தடுக்க வேண்டாம், ஆனால் அப்படிப்பட்ட நாளில் மௌனமாகிவிட்டவருக்கு அட்மின் தனியாக ஒரு போன் போட வேண்டும். "வாழவே பிடிக்கல" என்று யாராவது எழுதினால் அறிவுரை ஃபார்வர்டுகள் உதவாது. உடனே பேச வேண்டும், 104 அல்லது டெலி-மானஸ் 14416 எண்ணோடு இணைத்துவிட வேண்டும், அருகில் இருப்பவர் வீட்டுக்கே போக வேண்டும்.

குழு சேர்ந்து பயிற்சியும் செய்யலாம். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே, பிள்ளையோடு எப்படி விளையாடிப் பேசுவது என்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுக்கும் விதம் மேம்பட்டது, பிள்ளைகள் தாமாகப் பெற்றோரோடு தொடர்புகொள்வதும் கூடியது. மாதம் ஒருமுறை ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டையோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையோ வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, குளிக்கும்போது, சோறு ஊட்டும்போது என்ன பேசலாம் என்று கேளுங்கள். கேட்டால் வருவார்கள்.

அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள்

உங்கள் உழைப்புக்குச் சம்பளம் இல்லை என்று தெரியும். சொந்தப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அடுத்தவர் கண்ணீருக்குப் பதில் எழுதுகிறீர்கள். ஆட்டிசம் வராமல் தடுக்க நம்மிடம் வழி இல்லை. தாமதத்தையும் தவறான வைத்தியத்தையும் தடுக்கும் வழி உங்கள் கையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் பரிசோதனையும் தெரபியும் இலவசம். உங்கள் மாவட்ட மையத்தின் முகவரியையும் நேரத்தையும் இன்றைக்கே கேட்டு வாங்கி, குழுவில் முதல் செய்தியாகப் பின் செய்து வையுங்கள். "ரெண்டு வயசாகுது, இன்னும் பேசல, பயமா இருக்கு" என்று புதிதாக ஒரு தாய் எழுதினால், "காத்திருங்க" என்று யாரையும் சொல்லவிடாதீர்கள், தயவுசெய்து. "நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டுப் போங்க, வேணும்னா நானும் கூட வர்றேன்" என்று எழுதுங்கள்.